மாற்றுக் கருத்து பகையாக மாறுவது எந்த இடத்தில்?

கேள்வி இதுதான்: தன் கருத்துக்கு மாறாக ஒருவர் பேசியவுடன் மனிதர்கள் ஏன் அதைத் தாக்குதலாக எடுத்துக்கொண்டு பாய்கிறார்கள்? நன்கு படித்தவர்களும், மற்ற விஷயங்களில் நிதானமாக இருப்பவர்களும்கூட இப்படி நடந்துகொள்வது ஏன்?

வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் மூன்று: அகந்தை, அறியாமை, சகிப்பின்மை. இவற்றில் எதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இவை எதையும் விளக்குவதும் இல்லை. ஒருவர் சகிப்பின்மையால் சினந்தார் என்று சொல்வது, அவர் சினந்தார் என்பதையே சுற்றி வளைத்துச் சொல்வதுதான். மேலும் அதே மனிதர் எத்தனையோ விஷயங்களில் மாற்றுக் கருத்தைச் சிரித்துக்கொண்டே கேட்கிறார், சில சமயம் ரசிக்கவும் செய்கிறார். ஏதோ ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு முகம் சிவக்கிறது, குரல் உயர்கிறது. குணம்தான் காரணம் என்றால் எல்லா விஷயத்திலும் அப்படி நடக்க வேண்டும். ஆகவே அந்த ஒரு விஷயத்தில் என்ன நேர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அங்கே எதிர்க்கருத்தை ஒப்புக்கொண்டால் அவர் எதையோ இழக்க நேரிடுகிறது: பிறர் முன் தனக்குள்ள மதிப்பையோ, தன் கூட்டத்தில் தனக்குள்ள இடத்தையோ, தான் நல்லவன் என்று தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தையோ. சினம் அந்த இழப்பின் அச்சத்திலிருந்து வருகிறது என்பதே என் பதில். எஞ்சியது எல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில், சினத்துக்கு முந்தைய படியைப் பார்க்க வேண்டும். நம்மில் ஒவ்வொருவரும் உலகத்தை உள்ளது உள்ளபடி பார்ப்பதாகவே நம்புகிறோம். என் கண்ணுக்குத் தெரிவது என் பார்வை என்று எனக்குத் தோன்றுவதில்லை. அதுவே உண்மை நிலவரம் என்றுதான் தோன்றுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளவியலாளர் லீ ராஸ் இந்தப் போக்கை விரிவாக ஆராய்ந்தார். நான் பார்ப்பதுதான் உண்மை என்றால், நியாயமான எவரும் அதையே பார்க்க வேண்டும். பார்க்காத ஒருவர் எதிரே நின்றால் மூன்று விளக்கங்களே மிஞ்சுகின்றன: அவருக்கு விவரம் தெரியவில்லை, விவரம் தெரிந்தும் சிந்திக்கும் திறனோ பொறுமையோ இல்லை, அல்லது ஏதோ சுயநலமோ சார்போ அவர் கண்ணை மறைக்கிறது. நான்காவதாக ஒன்று, அதாவது அவர் பார்ப்பதிலும் ஏதோ இருக்கலாம் என்பது, தானாக மனத்தில் எழுவதில்லை. அதை வலிந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது.

ராஸின் மாணவியான எலிசபெத் நியூட்டன் 1990இல் செய்த ஒரு சோதனையை இங்கே சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைத் தேர்ந்துகொண்டு அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். கேட்பவர்களில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை வெறும் 3. தட்டுபவரின் காதுக்குள் மெட்டும் சொற்களும் வாத்தியங்களும் சேர்ந்து முழுப் பாட்டாக ஒலித்துக்கொண்டிருக்கின்றன. எதிரே இருப்பவருக்குக் கேட்பதோ விட்டு விட்டு விழும் டொக், டொக் என்ற ஓசை மட்டுமே. இவ்வளவு தெளிவான பாட்டு இவருக்கு ஏன் புரியவில்லை என்று தட்டுபவருக்கு வியப்பாக இருக்கிறது. பெரும்பாலான விவாதங்கள் இந்த மேசையின் இரு பக்கங்களில்தான் நடக்கின்றன. ஒரே வேறுபாடு, அங்கே இருவருமே தட்டுபவர்கள்.

பார்வை எந்த அளவுக்கு நம் சார்பால் வடிவம் பெறுகிறது என்பதை 1954இல் ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃபும் ஹேட்லி கேண்ட்ரிலும் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் ஆகிய இரு கல்லூரி அணிகளுக்கிடையே முரட்டுத்தனமாக நடந்து முடிந்த ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த விதிமீறல்களாக அதன் சொந்த மாணவர்கள் குறித்தவை சராசரியாக 4.3, பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தவை 9.8. இரு தரப்புக்கும் ஒரே படச்சுருள். யாரும் வேண்டுமென்றே பொய் சொன்னதாகத் தெரியவில்லை. இப்போது அந்த இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவரை அழைத்து ஆட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கண்ணால் பார்த்ததையே இவர் மறுக்கிறாரே என்று இருவரும் கொதித்துப்போவார்கள்.

ஆனால் இதுவரை சொன்னது ஏளனத்தையும் எரிச்சலையும் விளக்குமே தவிர, பகைமையை முழுதாக விளக்காது. விவரம் தெரியாதவர் மீது நமக்கு இரக்கம்கூட வரலாம். வெறுப்பு எப்போது வருகிறது?

ஓர் அலுவலகக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். துறைத்தலைவர் பல வாரம் உழைத்து உருவாக்கிய அடுத்த ஆண்டுத் திட்டத்தை எல்லோர் முன்னிலையிலும் விளக்கி முடிக்கிறார். பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி, "சார், நாலாவது பக்கத்துல இருக்கிற செலவுக் கணக்கு போன வருஷக் கணக்கோட ஒத்துப்போகலையே" என்கிறார். துறைத்தலைவர் தாளைப் புரட்டவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்து, "நீங்க இங்க சேர்ந்து எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேட்கிறார். இளைஞர் வாயை மூடிக்கொள்கிறார். மற்றவர்கள் குனிந்து தங்கள் தாள்களைப் பார்க்கிறார்கள்.

சேர்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதற்கும் நாலாவது பக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அறையில் இருந்த அனைவருக்கும் அந்தக் கேள்வியின் பொருள் புரிந்துவிட்டது. கணக்கைப் பற்றிய பேச்சு, யார் யாரிடம் இப்படிப் பேசலாம் என்ற பேச்சாக மாறிவிட்டது. இதே இளைஞர் முந்தின நாள் மாலை தனியாக அவர் அறைக்குச் சென்று இதையே சொல்லியிருந்தால், "அப்படியா, எங்க, காட்டுங்க" என்று கேட்டு அவர் கண்ணாடியைத் தேடியிருக்கக் கூடும். தவறு அதே தவறு, ஆள் அதே ஆள். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் இல்லை. பகைமையோடு எழும் மறுமொழிகளைக் கூர்ந்து கவனித்தால் அவை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையாகவே இருப்பதைக் காணலாம். உனக்கு இதைப் பற்றி என்ன தெரியும், கொஞ்சமாவது யோசித்துத்தான் பேசுகிறாயா, யார் சொல்லிக்கொடுத்து இப்படிப் பேசுகிறாய்: மேலே சொன்ன மூன்று விளக்கங்களும் இங்கே கேள்விக்குறி போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றன.

இந்த இழப்பு எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு கொடிய எடுத்துக்காட்டு உண்டு. அதைப் பலரும் சுருக்கமாகச் சொல்லி, பழைய மருத்துவர்கள் மூடர்கள் என்ற முடிவோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் அதன் முக்கியமான பகுதி விடுபட்டுப்போகிறது.

வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். 1846இல் முதல் பிரிவில் குழந்தை பெற்ற பெண்களில் 11.4 விழுக்காட்டினர் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் இறந்தவர்கள் 2.8 விழுக்காடு. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சிய பெண்களும் உண்டு. அங்கே உதவி மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடி அலைந்தார். 1847 மார்ச்சில் அவருடைய நண்பரும் பேராசிரியருமான யாக்கோப் கொல்லெட்ஷ்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, அந்தப் பெண்களைக் கொன்றுவந்த பேறுகாலக் காய்ச்சலை ஒத்த அறிகுறிகளோடு இறந்துபோனார். செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிணங்களை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவ அறைக்குச் செல்கிறார்கள். மருத்துவச்சிகள் பிணப் பரிசோதனை செய்வதில்லை. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவாமல் யாரும் நோயாளியைத் தொடக் கூடாது என்று அந்த ஆண்டு மே மாத நடுவில் விதித்தார். ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த இறப்பு, ஜூனில் 2.2 விழுக்காடாகவும் ஜூலையில் 1.2 விழுக்காடாகவும் இறங்கியது.

எண்கள் இவ்வளவு பச்சையாகப் பேசியும் மூத்த மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. 1849இல் அவருடைய பணி நீட்டிக்கப்படவில்லை. அவர்களுக்கு அறிவுசார்ந்த தயக்கங்களும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: கையில் ஒட்டிக்கொண்டு வருவது எது, அது எப்படிக் கொல்கிறது என்பதற்கு அன்று விளக்கம் இல்லை, கிருமிகளைப் பற்றிய பாஸ்டர், லிஸ்டர் ஆகியோரின் பணிகள் பின்னால் வந்தவை. செம்மல்வைஸும் தன் முடிவுகளை முழு நூலாக வெளியிட 1861 வரை எடுத்துக்கொண்டார். ஆனாலும் எதிர்ப்பில் இருந்த கடுமைக்கு இந்தத் தயக்கங்கள் மட்டும் போதுமான காரணமல்ல. அந்த மருத்துவர்களிடம் செம்மல்வைஸ் சொன்ன செய்தியை அவர்கள் இடத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். கைகழுவும் முறையில் ஒரு மாற்றம் வேண்டும் என்பது அதன் மேல்தோல்தான். இத்தனை ஆண்டுகளாக, உயிர்காக்க வந்ததாக நம்பிக்கொண்டு, இத்தனை தாய்மார்களை உங்கள் கையால் நீங்களே கொன்றிருக்கிறீர்கள் என்பது அதன் உட்பொருள். ஜெர்மனியின் கீல் நகரில் குஸ்டாவ் மிக்காயெலிஸ் என்ற பேறுகால மருத்துவர் இதை ஏற்றுக்கொண்டு தன் மருத்துவமனையில் கைகழுவும் முறையைக் கொண்டுவந்தார். தன் கவனிப்பில் பிரசவித்த உறவுக்காரப் பெண் ஒருவர் அதே காய்ச்சலில் இறந்ததற்குத் தானே காரணம் என்ற எண்ணம் அவரை வாட்டியது. 1848இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். எதிர்க்கருத்தை முழுமையாக ஏற்பதற்கு அந்த மனிதர் கொடுத்த விலை அது. மற்றவர்கள் ஏற்க மறுத்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மறுப்பால் இன்னும் ஆயிரக்கணக்கான பெண்கள் இறந்தார்கள். அவர்கள் எதைக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தால்தான் அந்தக் காழ்ப்பின் வலு புரியும்.

கதையின் இன்னொரு பாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. செம்மல்வைஸும் காலப்போக்கில் அதே காழ்ப்புக்கு ஆளானார். 1861, 1862ஆம் ஆண்டுகளில் தன்னை எதிர்த்த பேராசிரியர்களுக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதங்களில் கொலைகாரர் என்ற சொல்லை நேரடியாகவே பயன்படுத்தினார். அவர் பக்கம் உண்மை இருந்தது, எண்களும் இருந்தன. ஆனால் கொலைகாரன் என்று அழைக்கப்பட்ட ஒருவர், சரி, இனிமேல் கைகழுவுகிறேன் என்று சொல்வதற்கு எந்த வாசலையும் அந்தக் கடிதங்கள் விட்டுவைக்கவில்லை. உண்மை தன் பக்கம் இருப்பது ஒருவரைப் பகைமையிலிருந்து காப்பதில்லை. சில நேரம் அதற்கு உரிமம் கொடுத்துவிடுகிறது.

அடுத்தது கூட்டம். மனிதர் தன் கருத்துகளைத் தனியாக அமர்ந்து தேர்ந்தெடுப்பது குறைவு. பெரும்பாலானவை தான் சார்ந்திருக்கும் மக்களோடு சேர்ந்து வந்தவை. அந்தக் கருத்தைக் கைவிட்டால் அந்த மக்களும் கைவிட்டுப் போவார்கள் என்ற அச்சம் உள்ளூர இருக்கும். அது வீண் அச்சம் அல்ல என்பதை ஸ்டான்லி ஷாக்டர் 1951இல் வெளியிட்ட சோதனை காட்டியது. மாணவர் குழுக்களிடம் ஒரு சிறுவர் குற்றவாளியின் வரலாற்றைக் கொடுத்து, அவனை அன்பால் திருத்துவதா தண்டனையால் திருத்துவதா என்று விவாதிக்கச் சொன்னார். ஒவ்வொரு குழுவிலும் அவருடைய ஆட்கள் மூவர் கலந்திருந்தார்கள். ஒருவர் குழுவின் பெரும்பான்மைக் கருத்தையே சொல்லிக்கொண்டிருப்பார். இன்னொருவர் மாறுபட்டுத் தொடங்கி மெல்ல மெல்லப் பெரும்பான்மைக்கு வந்துசேர்வார். மூன்றாமவர் கடைசிவரை மாறுபட்டே நிற்பார். முதலில் எல்லோருடைய பேச்சும் அந்த மூன்றாமவரை நோக்கியே பாய்ந்தது. எப்படியாவது அவரை வழிக்குக் கொண்டுவர முயன்றார்கள். அவர் மசியமாட்டார் என்று தெரிந்த பிறகு, ஒட்டுறவு மிகுந்த குழுக்களில் அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். இறுதியில் குழுவிலிருந்து யாரை நீக்கலாம் என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது அவர் பெயர் முன்னால் நின்றது. வேலைப் பங்கீட்டில் யாரும் விரும்பாத கடிதப் போக்குவரத்துக் குழுவுக்கு அவரைத் தள்ளினார்கள். மாறுபட்டுத் தொடங்கி வழிக்கு வந்தவரை யாரும் ஒதுக்கவில்லை.

இந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மௌனம். விவாதம் சூடாக நடக்கும்வரை அவர் இன்னும் நம்மவர். பேச்சு நின்ற இடத்தில்தான் அவர் வெளியாளாகிறார். வெளியிலிருந்து எதிர்ப்பவரைவிட உள்ளிருந்து மாறுபடுபவர் மீது கூடுதலான வன்மம் எழுவதன் காரணமும் இங்கே இருக்கிறது. வெளியாள் எதிர்த்தால் கூட்டம் இறுகிச் சேர்கிறது. அது ஒரு வகையில் வசதிதான். உள்ளிருப்பவர் எதிர்த்தால், நாம் எல்லோரும் ஒரே மாதிரி எண்ணுகிறோம் என்ற நம்பிக்கையே ஆட்டம் காண்கிறது. அதனால்தான் எதிரிக்கு எதிரி என்ற பெயர் போதுமாக இருக்கிறது, உள்ளிருந்து மாறுபடுபவருக்குத் துரோகி என்ற பெயர் தேவைப்படுகிறது.

சாலமன் ஆஷ் 1950களில் செய்த கோட்டுச் சோதனையும் இதன் மறுபக்கம்தான். மூன்று கோடுகளில் எது நான்காவதோடு நீளம் ஒக்கிறது என்ற எளிய கேள்விக்கு அறையிலுள்ள மற்ற அனைவரும் ஒருமித்துத் தவறான விடை சொல்லும்போது, உண்மையான பங்கேற்பாளர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தடவை அந்தத் தவற்றோடு ஒத்துப்போனார்கள். (மூன்றில் இரண்டு பங்குத் தடவை ஒத்துப்போகவில்லை என்பதை இந்தச் சோதனையை எடுத்துச் சொல்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.) துணைக்கு இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் ஒத்துப்போவது முன்பிருந்ததில் கால் பங்காகச் சரிந்தது. தனியாக மாறுபடுவது எவ்வளவு பாரமோ, ஒரே ஒரு துணை கிடைத்தால் அது அவ்வளவு லேசாகிவிடுகிறது. ஒரு குழு முதல் மாறுபாட்டைக் கண்டு மிரள்வதற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். அவரை இப்போதே அடக்காவிட்டால் அடுத்தவர் துணிந்துவிடுவார்.

சில கருத்துகளுக்கு இன்னொரு தன்மையும் உண்டு. அவை விருப்பமாகவோ மதிப்பீடாகவோ இல்லாமல், அறமாக நிற்கின்றன. இந்த நிறம் எனக்குப் பிடிக்கும் என்பவரோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. இது பாவம், இது அநீதி என்று ஒருவர் கருதும் விஷயத்தில் மாறுபடுபவர், அவர் கண்ணுக்கு வேறு விருப்பம் உடையவராகத் தெரிவதில்லை. தீமைக்குத் துணைபோகிறவராகவே தெரிகிறார். லிண்டா ஸ்கிட்காவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அற உறுதியோடு தாங்கள் பற்றியிருக்கும் ஒரு விஷயத்தில் மாறுபட்ட கருத்துடையவர் வந்து அமரப்போகிறார் என்று அறிந்தவர்கள், தங்கள் நாற்காலியை அவருடைய நாற்காலியிலிருந்து கூடுதல் தொலைவில் போட்டுக்கொண்டார்கள். கருத்து எவ்வளவு தீவிரமானது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த விளைவு நீடித்தது. 2017இல் ஜெரமி ஃப்ரைமரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு இதைப் பணத்தால் அளந்தது. எதிர்த்தரப்பின் வாதங்களைப் படித்தால் 10 டாலர் பரிசுக்கான குலுக்கல், சொந்தத் தரப்பின் வாதங்களைப் படித்தால் 7 டாலருக்கான குலுக்கல் என்றபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 7 டாலரே போதும் என்றார்கள். முற்போக்காளர், பழமைவாதி என்ற வேறுபாடு இதில் பெரிதாக இல்லை.

மூளையைப் பற்றி இரண்டு வரி மட்டும். அரசியல் நம்பிக்கைகளை எதிர்த்துச் சான்றுகள் காட்டியபோது 40 பேரின் மூளையைப் படம்பிடித்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்பது போன்ற நம்பிக்கைகளில் அவர்கள் ஓரளவு இறங்கி வந்தார்கள்; அரசியல் நம்பிக்கைகளில் ஏறத்தாழ அசையவில்லை. அசையாதவர்களிடம் அச்சம், உடலுணர்வு ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதிகளின் இயக்கம் கூடுதலாக இருந்தது. இதை வைத்துக்கொண்டு, மாற்றுக் கருத்தைக் கேட்டதும் மூளை புலியைக் கண்டதுபோல் ஆகிவிடுகிறது என்றெல்லாம் சிலர் எழுதுவது மிகை. அந்தப் பகுதிகள் வேறு எத்தனையோ வேலைகளும் செய்பவை.

கல்வி இதற்கு மருந்தாக ஏன் அமைவதில்லை என்பதும் கேள்வியின் ஒரு பகுதி. 1979இல் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்களுக்கும் எதிர்க்கும் 24 மாணவர்களுக்கும் ஒரே இரண்டு ஆய்வுச் சுருக்கங்களைக் கொடுத்தார்கள். ஒன்று மரண தண்டனை கொலைகளைத் தடுக்கிறது என்றது, மற்றது தடுக்கவில்லை என்றது. இரு தரப்பினரும் தங்களுக்கு ஒத்துவந்த ஆய்வை நம்பகமானதாகவும், ஒத்துவராததைக் குறை மலிந்ததாகவும் கண்டார்கள். முடிவில் தங்கள் பழைய கருத்தில் இன்னும் உறுதிப்பட்டதாகவே சொன்னார்கள். ஒரு கட்டுரையில் குறை கண்டுபிடிப்பதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத்தான் கல்வி தருகிறது. ஆனால் அதை யார் பக்கம் திருப்புவது என்பதைக் கல்வி தீர்மானிப்பதில்லை. படித்தவர்கள் தங்கள் பகைமைக்கு நேர்த்தியான காரணங்களை அடுக்குகிறார்கள் என்பதால் அது பகைமை இல்லாமல் போய்விடாது.

கருத்து குரலாக வருகிறதா எழுத்தாக வருகிறதா என்பதும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. ஒருவர் தன் கருத்தை விளக்குவதைக் குரலாகக் கேட்டவர்களையும் அதே சொற்களை எழுத்தாகப் படித்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது. மாறுபட்ட கருத்துடையவரை, குரலாகக் கேட்டவர்கள் கூடுதல் சிந்தனையும் பண்பும் உள்ளவராக மதிப்பிட்டார்கள். எழுத்தில் தயக்கம் தெரிவதில்லை, பெருமூச்சு தெரிவதில்லை, சொல்லத் தேடித் தடுமாறுவது தெரிவதில்லை. வெறும் முடிவு மட்டும் கல்போல வந்து விழுகிறது.

அப்படியானால் வாதமே வீண்தானா? அப்படிச் சொல்லச் சான்று இல்லை. திருத்தம் சொன்னால் மக்கள் தவறான நம்பிக்கையில் இன்னும் இறுகிவிடுவார்கள் என்ற எண்ணம், பிரண்டன் நைஹனும் ஜேசன் ரைஃப்லரும் 2010இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் வெகுவாகப் பரவியது. தாமஸ் வுட்டும் ஈத்தன் போர்ட்டரும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் அதைச் சோதித்து 2019இல் வெளியிட்டபோது அந்த எதிர்விளைவு ஏறத்தாழ எங்கும் தென்படவில்லை. சரியான தகவலைக் கொடுத்தால் மக்கள் சரியான பக்கம் கொஞ்சமாவது நகர்கிறார்கள். முகத்தில் தெரியும் சினத்தையும் மனத்தில் நடக்கும் மாற்றத்தையும் ஒன்றாக எண்ணுவதுதான் நாம் செய்யும் பிழை. எல்லோர் முன்னும் கத்தியவர், யாரும் பார்க்காத நேரத்தில் தன் கருத்தைச் சத்தமில்லாமல் திருத்திக்கொள்வது நடக்கக்கூடியதே. அதற்கு அவர் தோற்றதாக யாரும் அறிவிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பகைமையைக் குறைக்கும் வழிகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. கருத்து வேறுபாடு என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் உலவுகின்றன. ஒரு கணக்கைப் பற்றி, ஒரு கொள்கையின் பலனைப் பற்றி இருவர் மாறுபடுவது ஒன்று. இன்னாரை மனிதராக மதிக்க வேண்டியதில்லை என்று ஒருவர் சொல்ல, அந்த இன்னார் எதிரே அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது வேறொன்று. இரண்டாவதில் எழும் சினத்தைச் சகிப்பின்மை என்று பழிப்பது அநியாயம். பேசுபவருக்கு அது கருத்து, கேட்பவருக்கு அது வாழ்க்கை. நிதானமாகப் பேசுங்கள் என்ற அறிவுரையைப் பெரும்பாலும் இழப்பு இல்லாத தரப்பே இழப்பு உள்ள தரப்புக்குச் சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இத்தகைய இடத்திலும் ஏதாவது பயன் தருமா என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று, டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் 2016இல் வெளியிட்ட கள ஆய்வு. அமெரிக்காவின் மயாமி பகுதியில் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று, திருநர்கள் மீதான வெறுப்பைப் பற்றி வாக்காளர்களிடம் பத்து நிமிட அளவில் உரையாடினார்கள். அவர்கள் வாதங்களை அடுக்கவில்லை. வீட்டுக்காரரின் கருத்தைக் கேட்டார்கள்; எதைச் சொன்னாலும் முகம் சுளிக்கவில்லை; நீங்கள் எப்போதாவது வேறுபட்டவர் என்பதற்காக ஒதுக்கப்பட்டதுண்டா என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். அதனால் ஏற்பட்ட மாற்றம் குறைந்தது மூன்று மாதம் நீடித்தது. அதே ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட தொடர் சோதனைகளில் உரையாடலின் பகுதிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். குற்றம் காணாமல் ஒருவர் அனுபவத்தை மற்றவர் கேட்கும் பகுதியை எடுத்துவிட்டு வாதங்களை மட்டும் வைத்தபோது விளைவு காணாமல் போயிற்று. மேலே சொன்ன விளக்கத்தோடு இது பொருந்துகிறது: வாசலில் நின்றவர் வீட்டுக்காரரின் மதிப்பைப் பறிக்க வரவில்லை என்று தெரிந்த பிறகே பேசப்பட்ட விஷயத்துக்கு இடம் கிடைத்தது.

2016 ஆய்வில் வீடு வீடாகச் சென்றவர்களில் சிலர் தாங்களே திருநர்கள். தங்களைப் பற்றிச் சொல்லப்படும் வசைகளைத் தங்கள் காதாலேயே கேட்டுக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்று அவர்கள் நிற்க வேண்டியிருந்தது. இது பலன் தரும் முறை என்று சொல்ல முடிகிறது. அதை யாரிடமும் கடமையாகக் கேட்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.